செவ்வொளியும் உலோக இலத்திரன்களும்

ஒரு கொள்கையை நிலைநாட்டிய பரிசோதனையே அதற்கு மாறான சான்றையும் ஈன்றமை பௌதிகவியல் வரலாற்றில் உண்டு. 1887ஆம் ஆண்டில் ஜேர்மனியின் காள்ஸ்ரூவ நகரில் ஹேட்ஸ் என்பார் மின்காந்த அலைகளைத் தோற்றுவித்தார். ஒளியும் அலையே என்னும் கொள்கை அதனால் உறுதிபெற்றது. ஆயின், ஏற்கும் கருவியின் சிறுபொறியைத் தெளிவாகக் காணும்பொருட்டு அதனை இருண்ட பெட்டியுள் வைத்தபோது பொறி குறுகிற்று. முதற்பொறியினின்றும் வந்த ஊதாக்கடந்த ஒளி தடைப்பட்டமையே காரணமென அவர் கண்டார்.

மறையேற்றம் பெற்ற நாகத் தகடு அவ்வொளி பட்டதும் ஏற்றத்தை இழத்தலை 1888இல் ஹல்வாக்ஸ் காட்டினார். வெளியேறுவன இலத்திரன்களே என 1899இல் தொம்சன் தெளிவுபடுத்தினார்.

அலைக்கொள்கையின்படி, ஒளியின் செறிவு கூடுந்தோறும் இலத்திரனின் சத்தியும் கூடுதல் வேண்டும். 1902இல் இலெனாட் கண்டதோ வேறு. செறிவு கூடியபோது இலத்திரன்களின் தொகை கூடிற்று. அவற்றின் உச்ச சத்தி கூடவில்லை.

இப்புதிருக்கு 1905இல் விடை கூறியவர், பேர்ண் நகரக் காப்புரிமை அலுவலகத்திற் பணிபுரிந்த 26 வயதினரான ஐன்ஸ்ரைன். பிளாங்க் 1900இல் வெளியிட்ட கருத்தை விரித்து, ஒளி சத்திச் சொட்டுகளாக வருகின்றதென்றும், ஒரு சொட்டு தன் சத்தி முழுவதையும் ஓர் இலத்திரனுக்கே அளிக்கின்றதென்றும் அவர் கூறினார். நாகத்தை விட்டு இலத்திரன் வெளியேற ஏறத்தாழ 4.3 இலத்திரன் உவோற்றுச் சத்தி வேண்டும். செவ்வொளிச் சொட்டொன்றின் சத்தியோ ஏறத்தாழ 1.8 மட்டுமே. கிணற்றின் ஆழத்திற்கு எட்டாத கயிறுகள் நூறு தனித்தனியே இருந்தும் பயனில்லை. அவ்வாறே சாதாரணச் செவ்வொளி எத்துணைச் செறிவுடையதாயினும் நாகத்தினின்றும் இலத்திரனை வெளியேற்றாது. அதன் பெரும்பகுதி தெறித்து மீளும். எஞ்சியது உலோகத்துள் வெப்பமாகும்.

சிகாக்கோவில் ஆராய்ந்த மிலிக்கன் இக்கருத்தை நம்பவில்லை. வெற்றிடத்துள்ளேயே கத்தியமைத்துச் சோடியம் முதலிய உலோகங்களின் பரப்பைச் சீவித் தூய்தாக்கி, ஆண்டுக்கணக்காக அளந்தார். 1916இல் அவர் வெளியிட்ட முடிவுகள் ஐன்ஸ்ரைனின் சமன்பாட்டை முற்றாக மெய்ப்பித்தன. சொட்டுக் கருத்தை அப்போதும் ஏற்கத் தயங்கிய அவர், தம் அளவீடுகளை மறைத்தாரல்லர். 1921ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு ஐன்ஸ்ரைனுக்கும், 1923ஆம் ஆண்டுக்குரியது மிலிக்கனுக்கும் கிடைத்தன.

இவ்விதிக்கும் ஓர் எல்லை பின்னர் புலனாயிற்று. லேசரின் மிகச் செறிந்த ஒளியில் ஓர் இலத்திரன் இரு சொட்டுகளை ஒருங்கே ஏற்று வெளியேறுதல் 1964இற் சோடியத்திற் காணப்பட்டது. இரு கயிறுகளை முடிந்தாற் கிணற்று நீர் எட்டுமன்றோ! ஆயினும் அங்கும் சத்தி சொட்டுச் சொட்டாகவே கொடுக்கப்படுகின்றது.

தம் எண்ணத்திற்கு மாறாக வந்த அளவீட்டையும் உள்ளவாறே உரைத்த மிலிக்கனின் நேர்மை, விஞ்ஞானம் பயிலும் மாணவர் தம் ஆய்வுகூடக் குறிப்பேட்டைத் திறக்குந்தோறும் நினைவுகூரத்தக்கது.