எண்ணி முடித்த இயந்திரம்

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அல்லாஹ்ட 99 திருநாமத்தையும் போனே ஓதுது. நாங்க ஏன் பாடமாக்கோணும்?" வகுப்பே சிரித்தது. எனக்கு ஒழுங்கான பதில் வரவில்லை.

இதே கேள்வியை 1953இலேயே கதையாக்கியவர் ஆதர் சி. கிளார்க். நம்மூருக்கு அவர் அந்நியரல்லர். 1956இல் இலங்கைக்கு வந்து, பிரட்றிக் கோட்டையை ஒட்டிய சுவாமி மலையடிக் கடலில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டவர்.

இறைவனின் பெயர்களையெல்லாம் எழுதி முடித்தால் படைப்பின் நோக்கம் நிறைவேறும் என்று அவரது கதையின் திபெத்தியத் துறவிகள் நம்புகிறார்கள். பெயர்கள் தொள்ளாயிரம் கோடி. கையால் எழுத 15,000 ஆண்டுகள். கணினிக்கோ 100 நாட்கள். அது எண்ணி முடிக்கிறது. வானில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன.

1980களில் 'சைபர்பங்க்' என்னும் கணினியுகப் புனைகதை எழுந்தபோதும் சமயம் அகலவில்லை. வில்லியம் கிப்சனின் 'கவுண்ட் ஸீரோ'வில் (1986) ஹெயிட்டியின் வூடூ தெய்வங்கள் கணினி வலையமைப்பில் உலவுகின்றன. இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்க எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சனின் 'அலிஃப் த அன்ஸீன்' (2012) நாவலிலோ, ஜின்களின் நூலொன்றைக் கொண்டு ஓர் இளைஞன் கணினி நிரல் எழுதுகிறான். அது தாங்காமல் சரிகிறது.

கிளார்க்கின் இயந்திரம் எண்ணி முடித்தது. வில்சனின் இயந்திரம் தோற்றது. நம் மரபு தோற்றதன் பக்கமே நிற்கிறது. திருநாமங்கள் 99 உடன் முடிவதில்லை என்பார் இமாம் கஸ்ஸாலி. கடலெல்லாம் மையானாலும் இறைவனின் வார்த்தைகள் தீரா என்கிறது சூறா லுக்மான். துறைமுகக் கரையில் நின்று கடலைப் பார்த்தவனுக்கு அந்த உவமையின் கனம் தெரியும்.

அப்படியானால் 99ஐ ஏன் எண்ண வேண்டும்? ஹதீஸில் வரும் சொல் 'இஹ்ஸா'. எண்ணுவதோடு மனனம் செய்வதும், பொருள் உணர்வதும், அதன்படி நடப்பதும் அதில் அடங்கும் என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். எண்ணிக்கை முடிவதற்காக அல்ல, எண்ணுபவன் மாறுவதற்காகவே அந்த எண்ணல். கிளார்க்கின் கதையில் மாறாமல் நின்றது அந்த இயந்திரம் மட்டுமே.

அடுத்த வாரம் அந்த மாணவனிடம் சொன்னேன்: "போன் நல்லா ஓதும், மகன். ஆனா 'யா ரஹ்மான்' எண்டு ஆயிரம் தரம் ஓதினாலும், அது ஒருத்தருக்கும் இரங்காது."

அவன் சிரிக்கவில்லை.