பனிக்கால விருந்தும் பாட்டியர் குறிப்பேடும்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் அரசாணையிலும் தேடுவது அறிஞர் மரபு. அடுக்களையில் தேடுவோர் சிலரே. அடுக்களையில் ஆண்டு பொறிக்கப்படுவதில்லை; ஆக்கியவர் பெயரும் இராது. ஆயினும், ஆண்டுக்கொரு முறை, அதே நாளில், அதே உணவை, அதே முறையில் ஆக்கிவரும் குடும்பம் ஒவ்வொன்றும் தன்னையறியாமலே ஓர் ஆவணத்தைக் காத்து வருகிறது. இதற்குச் சான்றாக வட ஐரோப்பாவின் ஸ்காண்டினேவிய நாடுகளான சுவீடன், நார்வே, டென்மார்க் ஆகிய மூன்றிலும் டிசம்பர் 24ஆம் நாள் மாலையில் நடைபெறும் குடும்ப விருந்தை எடுத்துக்கொள்ளலாம். அவ்விழாவுக்கு அம்மக்கள் வழங்கும் பெயர் 'யூல்' என்பது. இன்று அது கிறிஸ்து பிறப்பு விழாவைக் குறிக்கிறது. ஆனால், கிறிஸ்துவ சமயம் அங்குச் சென்று சேருமுன்பே அச்சொல் அம்மண்ணில் வழங்கியது.

அந்நாடுகளின் குளிர்காலத்தை மனக்கண்ணால் காணாதார்க்கு இவ்விருந்து விளங்காது. டிசம்பர் இறுதியில் ஸ்டாக்ஹோம் நகரில் பகற்பொழுது ஏறக்குறைய ஆறு மணி நேரமே. நார்வேயின் வடபகுதியிலுள்ள திரோம்சோ நகரிலோ நவம்பர் இறுதி தொடங்கி சனவரி நடுப்பகுதி வரை கதிரவன் அடிவானுக்கு மேல் எழுவதேயில்லை. வயலில் ஒன்றும் விளையாது. கால்நடைகள் அனைத்துக்கும் வைக்கோல் போதாது. ஆகவே இலையுதிர் காலத்திலேயே சிலவற்றை அறுத்து, இறைச்சியை உப்பிட்டும் புகையிட்டும் உலர்த்தியும் வைத்தனர். யூல் விருந்தின் உணவுகளில் பெரும்பாலானவை இவ்வாறு சேமித்துவைத்த பண்டங்களே. வசந்தம் வரை தாங்கவேண்டிய சேமிப்பின் நல்ல பகுதியை ஆண்டின் இருண்ட நாளில் எடுத்து உண்டனர். அது துணிவா, வேண்டுதலா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

வேண்டுதல் என்பதற்குச் சட்டமே சான்றாகிறது. பத்தாம் நூற்றாண்டில் நார்வேயை ஆண்ட ஹாகோன் என்னும் மன்னன் இங்கிலாந்தில் வளர்ந்து கிறிஸ்துவனாகத் திரும்பியவன். குடிகளின் பழைய யூல் விழாவைக் கிறிஸ்து பிறப்பு விழாவின் நாளுக்கு அவன் மாற்றினான் என்றும், ஒவ்வொருவரும் குறித்த அளவு முளைகட்டிய வாற்கோதுமையில் பீர் வடிக்கவேண்டும், தவறினால் தண்டம் செலுத்தவேண்டும் என்றும் ஆணையிட்டான் என்றும் 13ஆம் நூற்றாண்டின் ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்னோரி எழுதியுள்ளார். மேற்கு நார்வேயின் பழைய குலாதிங் சட்டமும் யூல் பீரை வடித்துக் கிறிஸ்துவுக்கும் கன்னி மரியாளுக்கும் நேர்ந்து அருந்தவேண்டும் என்று விதிக்கிறது. நல்ல விளைவும் அமைதியும் வேண்டியே அந்நேர்ச்சை. தவறியவர் ஆயருக்குத் தண்டம் கட்டவேண்டும். மூன்றாண்டு தொடர்ந்து தவறினால் உடைமையையே இழக்க நேரிடும். மது அருந்தாமைக்குத் தண்டம் விதித்த சட்டங்கள் உலகில் மிகப் பலவாக இருக்க முடியாது! அவ்விரவில் உணவையும் பீரையும் மேசையிலேயே விட்டுவைத்து, இறந்த முன்னோர் வந்து உண்பர் என நம்பி, படுக்கைகளை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்துத் தாம் தரையில் வைக்கோல் பரப்பி உறங்கிய வழக்கமும் நாட்டுப்புறங்களில் நெடுங்காலம் இருந்தது. படையல் இடும் மரபறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இவ்விருந்தின் உணவுகளுள் வரலாற்று மாணவர் முதலில் காணவேண்டியது 'லூட்ஃபிஸ்க்' என்னும் மீனுணவு. இதன் மூலப்பொருள் கருவாடு. ஆனால் உப்பில்லாத கருவாடு. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளருகே சனவரி முதல் ஏப்ரல் வரை பிடிபடும் காட் என்னும் மீனை மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் கடற்காற்றிலேயே உலர்த்துவர். கடுங்குளிரும் அன்றிக் கடுவெப்பமும் அன்றி இருக்கும் அத்தட்பவெப்பமே உப்பின் வேலையைச் செய்கிறது. மரக்கட்டை போல் இறுகிய அம்மீன் பல ஆண்டுகள் கெடாது. பெர்கன் துறைமுகத்தில் செர்மானிய வணிகர் இதை வாங்கித் தானியம் கொடுத்தனர். சுவீடனிலோ லிங் என்னும் மீனை இவ்வாறு உலர்த்திப் பயன்படுத்தினர்.

கட்டையை எவ்வாறு உண்பது? அங்குதான் மகளிரின் கைத்திறன் தொடங்குகிறது. டிசம்பர் 9ஆம் நாள் புனித அன்னாளின் நாள். அன்றே மீனை நீரில் இடவேண்டும் என்பது சுவீடனின் வழக்கு. நாள்தோறும் நீரை மாற்றி ஐந்தாறு நாள் ஊறவைத்தபின், பூர்ச்ச மரத்துச் சாம்பலிலிருந்து வடித்த காரநீரில் இரண்டு நாள் இடுவர். மீன் தன் பழைய பருமனையும் கடந்து உப்பி, பாகு போல் மென்மையாகும். இந்நிலையில் அதை உண்டால் வாயும் வயிறும் வெந்துபோகும். ஆகவே மீண்டும் பல நாள் தூய நீரில் இட்டுக் காரத்தைப் போக்குவர். காரநீரில் ஒரு நாள் கூடிவிட்டாலும் மீனின் கொழுப்பு சோப்பாக மாறத் தொடங்கும். இத்தனையும் முடிந்து மீன் அடுப்பேறும் நாள் டிசம்பர் 24. நாட்களைக் கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். நாட்காட்டியே இங்குச் செய்முறை. கடிகாரமும் அளவுகோலும் இன்றி, சாம்பல்நீரின் காரத்தை விரலாலும் நாவாலும் அறிந்த பாட்டியரின் அறிவை வேதியியல் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இம்முறையை எழுத்தில் வைத்தவர் ஒலாவுஸ் மாக்னுஸ் என்னும் சுவீடன் நாட்டுக் கத்தோலிக்கக் குரு. சமயச் சீர்திருத்தத்தால் நாடு திரும்ப இயலாது உரோமில் வாழ்ந்த அவர், வடபுல மக்களின் வரலாற்றை 1555இல் அங்கு அச்சிட்டார். காரநீரில் ஊறிய மீனை வேகவைத்து வெண்ணெயோடு உண்பதை அந்நூலில் கூறியுள்ளார். தாம் மீண்டும் காணாத நாட்டின் சமையலை அவர் இத்தனை நுணுக்கமாக எழுதிவைத்தது சிந்திக்கத்தக்கது.

விழா நாளில் மீன் ஏன்? கத்தோலிக்கக் காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் நோன்பு நாள், இறைச்சி விலக்கப்பட்டது. சுவீடனில் 1527இலும் டென்மார்க்-நார்வே அரசில் 1536-37இலும் லூத்தரின் சமயம் அரசு சமயமாகும் வழி திறந்தது. நோன்பு விதி மறைந்தது. ஆனால் நோன்பு உணவு மறையவில்லை. ஏறக்குறைய 500 ஆண்டுகளாக மேசையில் இருக்கிறது. அரசர் ஆணையால் மடங்கள் மூடப்பட்டன, திருவுருவங்கள் அகற்றப்பட்டன. அடுக்களைக்குள் அவ்வாணை முழுமையாக நுழையவில்லை. நோன்பு நீங்கியதால் பன்றித்தொடையும் அதே மேசைக்கு வந்து மீனின் அருகில் அமர்ந்தது. இவ்விரண்டும் முரண்பட்டவை என்பதை இன்று உண்போர் உணர்வதில்லை.

நார்வேயில் இறைச்சியும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். கிழக்கில் பன்றியின் விலா. மேற்கில் உப்பிட்டு உலர்த்திய ஆட்டு விலா. பின்னதை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, பானையின் அடியில் பூர்ச்ச மரக் குச்சிகளைப் பரப்பி, அவற்றின்மேல் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைப்பர். கிழக்கத்தியாரும் மேற்கத்தியாரும் மணம் செய்துகொண்ட வீடுகளில், எந்த விலா என்னும் வழக்கு முதல் டிசம்பரிலேயே எழுந்துவிடும்.

அரிசியுண்ணும் நமக்கு வியப்பளிப்பது, அரிசி விளையாத அந்நாடுகளின் யூல் விருந்தில் பாற்சோறு இடம்பெறுவதுதான். முன்பு வாற்கோதுமைக் கூழ் இருந்த இடம் அது. கப்பலில் வந்த விலையுயர்ந்த அரிசி முதலில் செல்வர் வீட்டிலும், 19ஆம் நூற்றாண்டில் படிப்படியாக உழவர் வீட்டிலும் ஆண்டுக்கொரு நாள் வெந்தது. பாலில் குழைய வேகவைத்து, இலவங்கப்பட்டைத் தூள் தூவி, நடுவில் வெண்ணெய்க் கட்டி ஒன்றை வைப்பர். உள்ளே ஒரே ஒரு முழு வாதுமைப் பருப்பை ஒளித்து வைப்பதும் உண்டு. அது கிட்டியவர்க்கு அடுத்த ஆண்டில் திருமணம் நடக்கும் என்பது சுவீடனின் நம்பிக்கை. டென்மார்க்கில் பரிசு கிடைக்கும். தொழுவத்தில் வாழும் குள்ளத் தெய்வத்துக்கும் ஒரு கிண்ணம் வைக்கவேண்டும். வெண்ணெய் கிண்ணத்தின் அடியில் கிடந்ததறியாமல், தனக்கு வெண்ணெய் வைக்கவில்லை என்று சினந்து பசுவைக் கொன்ற குள்ளனின் கதையை அந்நாட்டுக் குழந்தைகள் அறிவர். டேனியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பாற்சோற்றை ஆறவைத்து, அடித்த பாலேடும் நறுக்கிய வாதுமையும் கலந்து, செர்ரிப் பழச்சாற்றுடன் பரிமாறலாயினர். 'ரிசாலமாங்' என்னும் அதன் பெயர் பிரெஞ்சு. உணவோ முழுக்க டேனியருடையது.

இனிப்புப் பண்டங்களில் மணப்பது ஏலக்காயும் கிராம்பும் இஞ்சியும். டேனியரின் சிறு உருண்டைப் பண்டம் ஒன்றுக்கு 'மிளகுக்கொட்டை' என்பதே பெயர். 1616இல் நிறுவப்பட்ட டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி மிளகு நாடியே தென்னாட்டுக்குக் கப்பல் விட்டது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றது. 1845 வரை அவ்வூர் டேனியர் கையில் இருந்தது. தரங்கம்பாடி என்றவுடன் அச்சுக்கூடத்தையும் சீகன்பால்குவையும் நினைக்கும் நாம், அவருக்கு முன்பே அங்குக் கப்பலைச் செலுத்திய மிளகை மறந்துவிடுகிறோம்.

இனி, குடும்பக் குறிப்பேடுகளுக்கு வருவோம். அச்சிட்ட சமையல் நூல்கள் முன்பே தோன்றின. சுவீடனில் காய்சா வார்க் என்னும் அம்மையாரின் நூல் 1755இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. டென்மார்க்கில் மங்கோர் அம்மையாரின் நூல் 1837இலும், நார்வேயில் ஹன்னா வின்ஸ்னெஸ் அம்மையாரின் நூல் 1845இலும் வெளிவந்தன. எளிய குடும்பத்துப் பெண்கள் எழுதியவையோ பெரும்பாலும் பிற்காலத்தவை. காரணம் தெளிவு. சுவீடனின் 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் மக்கள் அனைவரும் சமய நூலை வாசிக்கக் கற்கவேண்டும் என்றது. எழுதக் கற்கவேண்டும் என்று கூறவில்லை. ஊர்தோறும் பள்ளி வேண்டும் என்னும் சட்டம் 1842இல்தான் வந்தது. அதுவரை உழவர் வீட்டுப் பெண் சமையலைத் தாயின் அருகில் நின்றே கற்றாள். பள்ளியில் எழுத்தறிந்த மகள்தான் தாயின் சொல்லை ஏட்டில் ஏற்றினாள்.

அவ்வேடுகளை இன்று வாசிப்பது எளிதன்று. சுவீடன் 1878இல் மீட்டர் அளவுமுறையை ஏற்று, 1889 முதல் அதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்திய அளவுகள் வேறு: 'ஸ்கோல்புண்ட்' என்பது ஏறக்குறைய 425 கிராம்; 'யுங்ஃப்ரு' என்னும் முகத்தலளவை ஏறக்குறைய 82 மில்லி லிட்டர். யுங்ஃப்ரு என்றால் கன்னிப்பெண்! பாலாடை ஒரு கன்னி, பால் இரண்டு கன்னி என்று படிக்கும் பேரப்பிள்ளைகள் திகைப்பது இயல்பே. ஆழாக்கும் உழக்கும் நம் மாணவருக்கு இன்று அந்நிலையில்தானே உள்ளன?

இவ்வேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் நிறைந்திருப்பவை பணியார வகைகள். விருந்துக்கு ஏழு வகை வேண்டும் என்பது வழக்கு. இதை மிகப் பழைய மரபென்று எண்ணுவோர் பலர். ஆனால் திறந்த அடுப்பில் அவற்றைச் சுட இயலாது. வெப்பத்தை அடக்கியாளும் இரும்படுப்பு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீடுகளில் பரவியபின், சர்க்கரையின் விலையும் இறங்கியபின் எழுந்த மரபே இது. உருளைக்கிழங்கின் கதையும் அத்தகையது. அதிலிருந்து மாவும் மதுவும் எடுக்கும் முறையை 1746இல் ஆராய்ந்து அறிவித்த ஏவா ஏக்கப்லாட், 1748இல் சுவீடன் அறிவியல் கழகத்தின் முதற்பெண் உறுப்பினராயினார். உருளைக்கிழங்கும் வெங்காயமும் பாலேடும் சிறுமீனும் சேர்த்துச் சுடும் 'யான்சனின் சபலம்' என்னும் உணவு, தொன்றுதொட்டு வருவதாகக் கருதப்படினும், அச்சில் அறியப்படுவது 1940இலிருந்துதான். அதில் இடும் மீனின் பெயர் நெத்திலியைக் குறிக்கும் சொல்லாகவே எழுதப்படும். ஆனால் அது நெத்திலியன்று. மசாலையில் ஊறிய ஸ்ப்ராட் என்னும் வேறொரு மீன். பெயரை நம்பி நெத்திலியை இட்டவர் உப்புக் கரிக்கும் பண்டத்தையே பெறுவர். சுவீடனில் இன்று யூல் மேசையில் இவ்வுணவைக் காணாத முதியோர் குறைப்பட்டுக்கொள்வர். அக்குறை பொய்யன்று, அவர்தம் தாயார் ஆக்கினார், அது போதும்.

19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் நிலமின்மையாலும் இலட்சக்கணக்கான சுவீடரும் நார்வேயரும் அமெரிக்கா சென்றனர். கூலி கிடைத்தது, புத்திறைச்சியும் கிடைத்தது. ஆயினும் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களின் தேவாலயங்களில் இலையுதிர் காலம் தொடங்கி லூட்ஃபிஸ்க் விருந்து நடக்கிறது. வறுமையில் உண்ட மீனை வளமையில் காசு கொடுத்து, வரிசையில் காத்திருந்து உண்கின்றனர். தொழிற்கூடங்களின் நச்சுப்பொருள் பற்றிய விஸ்கான்சின் சட்டம், எவையெல்லாம் நச்சுப்பொருளல்ல என்று கூறுமிடத்தில் லூட்ஃபிஸ்கையும் பெயர் சொல்லி விலக்குகிறது. நகைச்சுவையறிந்த சட்டமன்றம்! அவ்விருந்துகளில் சுவீடர் வழியினர் மீனின்மேல் வெள்ளைக் குழம்பை ஊற்றுகின்றனர்; நார்வேயர் வழியினர் உருக்கிய வெண்ணெயை ஊற்றுகின்றனர், 1555இல் ஒலாவுஸ் மாக்னுஸ் எழுதியவாறே.