அரை மணி நேரம் எங்கே போயிற்று?



1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11 மணி 45 நிமிடத்திற்குக் காம்பாரில் பிறந்த குழந்தை ஒன்றேனும் உண்டா? இல்லை. காம்பாரில் மட்டுமன்று, ஈப்போவிலும், கோலாலம்பூரிலும், தீபகற்ப மலேசியா முழுவதிலும் அந்த நேரத்தில் ஒரு குழந்தையும் பிறக்கவில்லை. ஏனெனில் அன்றிரவு 11:30 ஆனதும் கடிகாரங்கள் நள்ளிரவு 12 மணிக்கு நகர்த்தப்பட்டன. அக்கணமே 1982 பிறந்துவிட்டது. இடையில் இருந்த அரை மணி நேரம் எங்கே போயிற்று? இன்று அதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றை நினைவில் வைப்போம். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 24 மணி நேரமாகிறது. ஆதலால் கிழக்கு மேற்காக ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வேறுபடும். காம்பார் ஏறக்குறைய 101 பாகைக் கிழக்கில் இருக்கிறது. சூரியனை மட்டும் பார்த்தால், நமது நேரம் இங்கிலாந்தின் கிரீன்விச் நேரத்தைவிட ஏறத்தாழ 6 மணி 45 நிமிடம் முந்தியது. ஆனால் ஊருக்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டு இரயில் ஓட்ட முடியுமா? தந்தி அடிக்க முடியுமா? ஆகவே ஊர்களுக்கெல்லாம் பொதுவான நேரம் ஒன்று தேவைப்பட்டது.

1905 சூன் முதல் நாள், கிரீன்விச்சைவிட 7 மணி முந்திய நேரம் மலாயாவுக்கு வந்தது. மாலை வெளிச்சம் சற்று நீளவேண்டும் என்று 1933இல் 20 நிமிடமும், 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடமும் கூட்டினார்கள். இவ்வாறு அது ஏழரை மணி ஆயிற்று.

அடுத்து வந்தது போர். 1941 டிசம்பர் இறுதியில் தொடங்கிய காம்பார்ச் சண்டை 1942 சனவரி 2 வரை நடந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. ஜப்பானியர் தோக்கியோ நேரத்தையே இங்கும் நடைமுறைப்படுத்தினர். கடிகாரம் ஒரேயடியாக ஒன்றரை மணி முன்னே போயிற்று. அந்தக் கணக்கில் காம்பாரில் பொழுது விடிந்தபோது மணி எட்டே கால்; உச்சி வெயில் அடித்தபோது இரண்டே கால்! 1945 செப்டம்பரில் ஆட்சி மாறியதும் கடிகாரம் மீண்டும் ஒன்றரை மணி பின்னே வந்தது.

பிறகு 1982. சபாவும் சரவாக்கும் எட்டு மணிக் கணக்கிலும், தீபகற்பம் ஏழரை மணிக் கணக்கிலும் இருந்தன. ஒரு நாட்டிற்கு ஒரு நேரம் வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அப்போது பிரதமராக இருந்தவர் டாக்டர் மகாதீர் முகமது. சிங்கப்பூரும் அதே இரவில் உடன் மாறியது.

இம்மாற்றத்தால் தோட்டத்து உழைப்பாளிக்கு என்ன? நிரம்ப உண்டு. இரப்பர் மரம் கடிகாரம் பார்ப்பதில்லை. வெயில் ஏறுமுன் குளிர்ந்த வேளையில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். கடிகாரம் அரை மணி முன்னே போன பிறகும் பெரட்டு மணி அதே ஐந்தரைக்கு அடித்தால், உண்மையில் அது பழைய ஐந்து மணி. தாய் அரை மணி முன்னதாக எழுந்து அடுப்பு மூட்டவேண்டும். பிள்ளை அரை மணி கூடுதல் இருட்டில் பள்ளிக்கு நடக்கவேண்டும். பெரட்டை ஆறு மணிக்கு மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை. கடிகாரத்தை மாற்றுவது சட்டம். வேலை நேரத்தை மாற்றுவது நிர்வாகம். இரண்டும் ஒன்றல்ல என்பதை உழைப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

இன்று நம் பிள்ளைகள் பலர் கணினி அறைகளில் வேலை செய்கிறார்கள். வங்கி, மருத்துவமனை, இரயில் நிலையம் ஆகிய இடங்களின் கணக்குகளை வைத்திருக்கும் பெரிய கணினிக்குச் சர்வர் என்று பெயர். அதன் கடிகாரத்தைக் கண்டபடி திருப்பலாமா? கூடாது. முன்னே தள்ளினால் இடையில் செய்யவேண்டிய வேலை விட்டுப்போகும். பின்னே இழுத்தால் ஆபத்து இன்னும் அதிகம். 1945இல் நடந்ததைப்போல ஒரே நேரம் இருமுறை வரும். செய்த வேலையை மறுபடியும் செய்யும். பின்னால் எழுதிய கணக்கு முன்னால் எழுதியதாகத் தோன்றும்.

ஆகவே அறிவாளிகள் இரண்டு வழிகள் கண்டார்கள். சிறு பிழையானால், கடிகாரத்தைத் தாவவிடாமல் சற்றே விரைவாகவோ மெதுவாகவோ ஓடவிடுவார்கள். வழக்கமான வேகம் 2000 விநாடிக்கு ஒரு விநாடி திருத்தம். அரை மணியை இப்படித் திருத்தினால் 41 நாட்களுக்கு மேல் ஆகும்! பிழை பெரிதானால், கணக்கு எழுதும் வேலைகளை நிறுத்தி, நகல் எடுத்து, பழைய நேரத்தையும் புதிய நேரத்தையும் குறித்துவைத்து, ஒரேமுறை மாற்றிச் சரிபார்த்த பிறகே மீண்டும் வேலையைத் தொடங்குவார்கள்.

ஒரு நாடு தன் நேரத்தை மாற்றினாலோ, சர்வரின் உள்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். பெரும்பாலான சர்வர்கள் 1970 சனவரி முதல் நாளிலிருந்து கழிந்த விநாடிகளை எண்ணிக்கொண்டே இருக்கின்றன. எந்த ஊருக்கு எந்த நாளில் எத்தனை மணி கூட்டவேண்டும் என்பது தனி அட்டவணையில் இருக்கிறது. அதைத் திருத்தினால் போதும். நாம் மேலே சொன்ன 1905, 1933, 1941, 1942, 1945, 1982 ஆகிய மாற்றங்கள் எல்லாம் அந்த அட்டவணையில் பதிவாகியுள்ளன.

இதில் நமக்கும் ஒரு பயன் உண்டு. 1945 செப்டம்பர் மாற்றத்திற்குப் பின்னும் 1982க்கு முன்னும் இங்கே பிறந்தவருக்குச் சாதகம் கணிக்கும்போது எட்டு மணிக் கணக்கைப் போட்டால், அரை மணி தவறிவிடும், லக்னமே மாறிவிடலாம். சாதகம் எழுதுபவரிடம் பிறந்த நேரத்தோடு பிறந்த ஆண்டுக்குரிய கணக்கையும் கேளுங்கள். பழைய பத்திரங்களைப் படிக்கும்போதும் அப்படியே.

அந்த அரை மணி நேரம் எங்கும் போய்விடவில்லை, நேயர்களே. சூரியன் தன் வழியில் நடந்தது. மனிதர் போட்ட எண்தான் மாறியது. எண்ணை மாற்றும் அதிகாரம் உள்ளவர், அதனால் யார் முன்னதாக எழவேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.