கட்டை கோணினால் குறியும் கோணும்



அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் சில படங்கள் அனுப்பினார். மலிவு விலையில் வாங்கிய ரைஃபிள். அதன் கருப்பு பிளாஸ்டிக் கட்டையை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பச்சை வண்ணம் பூசியிருக்கிறார். உள்ளே குடைவாக இருந்த முன்பகுதியில் அலுமினியக் கம்பி வைத்து எபாக்சி ஊற்றி இறுக்கியும் இருக்கிறார். "சார், என்.சி.சி.யில் நாங்கள் பிடித்ததெல்லாம் மரக்கட்டைதானே, ஏன் மரத்தை விட்டுவிட்டார்கள்?" என்று கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் நான்கு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. இந்தக் கேள்வியில் எனக்கும் ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

துப்பாக்கிக் கட்டைக்குப் பல நூற்றாண்டுகளாகப் பேர்போனது வால்நட் மரம். வலுவானது, சுடும்போது வரும் உதைப்பில் எளிதில் பிளக்காது. நம் நாட்டில் வங்காளத்து இஷாப்பூரில் செய்யப்பட்ட பாயிண்ட் 303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குழாயின் நுனிவரைக்கும் ஏறக்குறைய மரம் மூடியிருக்கும்.

மரத்தின் குறை, அது தண்ணீர் குடிக்கும். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு நிலையில் பிடித்துக்கொள்கிறதே, அதே கதைதான். ஈரத்தில் ஊதிய கட்டை குழாயை ஒரு பக்கமாக நெருக்கும். குண்டு வேறு இடத்துக்குப் போகும். சிப்பாய்கள் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தது பளபளப்புக்காக மட்டுமல்ல. ஈரம் ஏறுவதை அது தாமதப்படுத்தும், ஆனால் முழுவதும் தடுக்காது.

1935இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலானைக் கண்டுபிடித்தார்கள். அதே நிறுவனத்தின் கையில் இருந்த ரெமிங்டன், 1959இல் நைலான் கட்டை போட்ட பாயிண்ட் 22 ரைஃபிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயரே 'நைலான் 66'. பிளாஸ்டிக்கா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. டாம் ஃப்ரை என்பவர் அந்த ரைஃபிளால், மேலே எறியப்பட்ட 1,00,010 மரக்கட்டைகளைச் சுட்டுக் காட்டினார். தவறியது 6 மட்டுமே! பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

ராணுவத்துக்குப் பாடம் கற்பித்தது வியட்நாம். அமெரிக்க மரைன் படையின் குறிசுடும் வீரர்களுக்கு 1966இல் எம்40 என்ற ரைஃபிள் வந்தது. கட்டை மரம். அந்த நாட்டு ஈரக்காட்டில் மரம் ஊதிக் கோணியது. 1970களில் வந்த எம்40ஏ1 ரைஃபிளில் மெக்மில்லன் நிறுவனத்தின் கண்ணாடி இழைக் கட்டையைப் பொருத்தினார்கள். அந்தக் கட்டைக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான்.

தம்பி, உன் கட்டை அந்த வகை அல்ல. அச்சில் வார்த்த மலிவுச் சரக்கு. அதற்குத் தண்ணீர் பெரிய பகை இல்லை, வளைவுதான் பகை. முன்பகுதியைக் கையால் அழுத்தினாலே வளைந்து குழாயைத் தொடும். ஆகவே நீ அடித்த பச்சை வண்ணம் கண்ணுக்கு, ஊற்றிய எபாக்சிதான் குறிக்கு. ஒரு தாள் துண்டைக் குழாய்க்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்துப் பார். துப்பாக்கியைத் தாங்கி வைத்த நிலையிலும் தடையில்லாமல் வந்தால் வேலை சுத்தம். பார்க்குமுன் உள்ளே குண்டு இல்லை என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொள்.

இனி அந்தக் கடன். 1993 ஐப்பசி, என்.சி.சி. முகாம். மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் போட்டிக்கு ஆள் தேர்வு. எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் ஐந்து குண்டு சுட்டான். ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம் போல ஒன்றாக விழுந்திருந்தன. ஆனால் நடுவட்டத்தில் அல்ல, இடதுபுறம் கீழே. "ரைஃபிள் இழுக்குது சார்" என்றான். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி அவனை அணியிலிருந்து நீக்கினேன். பையன்கள் சிரித்தார்கள்.

பல வருடம் கழித்து எம்40 கதையைப் படித்தபோதுதான் உறைத்தது. கை நடுங்கினால் குண்டு சிதறும். ஒரே இடத்தில் விழுந்தால் கை சரி, கருவிதான் கோணல். மூன்று நாள் ஈரத்தில் இருந்த மரம் அது. அன்றைக்குக் கூடம் உண்மையிலேயே கோணல்தான். இன்னொரு ரைஃபிளைக் கொடுத்துப் பார்க்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். செய்யவில்லை.

அந்த மாணவன் அதன் பிறகு என்.சி.சி. பக்கம் வரவே இல்லை. பெயரை எழுதினால் அவனுக்குச் சங்கடம். தம்பி, இதைப் படித்தால் நீதான் என்று உனக்குத் தெரியும். தவறு உன்னுடையது அல்ல, என்னுடையது. என்னை மன்னித்துவிடு. முடிந்தால் ஒரு முறை கூப்பிடு. அந்த ஆண்டு முகாமில் இருந்தவர்கள் யாரும் அவனோடு தொடர்பில் இருந்தால் இந்தப் பதிவை அனுப்பி வையுங்கள்.

எல்லாரும் நலமுடன் வாழ்க.