வழியில் மாண்ட உயிர்கள்: கோவிவன் முதல் விமான நிறுவன அறிக்கை வரை

நடுகற்களைப் பற்றி எழுதப் புகும் எவரும் செங்கம் வட்டாரத்தைத் தவிர்த்துச் செல்ல இயலாது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலுக்குப் பின், திருவண்ணாமலை மாவட்டத்தின் இப்பகுதி நடுகல் ஆய்வின் களஞ்சியமாகவே கருதப்பட்டு வருகிறது. அக்கற்களுள் நம் கருத்தை ஈர்ப்பது எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கும் பூசலில் பட்டான் என்கிறது அதன் கல்வெட்டு. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்குத் தனியே ஒரு குறிப்பும் உண்டு. கோவிவன் என்பது அதன் பெயர். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது அதன் செயல்.

பேரரசன் பெயரும் வீரன் பெயரும் நாயின் பெயரும் ஒரே கல்லில் இடம்பெறுகின்றன. அண்டை மாவட்டமான விழுப்புரத்தின் அரசலாபுரத்தில் சண்டைக் கோழி ஒன்றுக்கே கல் எடுத்திருக்கிறார்கள். விலங்குக்கு நேர்ந்ததை எழுதி வைக்கவேண்டும் என்னும் எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு இவ்விரண்டே போதும்.

இதை இங்கே நினைவுகூரக் காரணம் உண்டு. விமானத்தில் கொண்டு செல்லப்படும் விலங்குகள் வழியில் இறந்தாலோ காயமுற்றாலோ காணாமற்போனாலோ, விமான நிறுவனம் அதை அரசுக்கு அறிவித்தாக வேண்டும் என்று அமெரிக்கா ஒரு சட்டம் செய்திருக்கிறது. கேட்பதற்கு நம் இலக்கிய, வரலாற்று ஆர்வங்களுக்குச் சற்றும் தொடர்பற்ற அலுவலகச் செய்தி போலத் தோன்றும். ஆயினும் வழியில் மாண்ட விலங்கின் கணக்கை யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள் என்னும் வினாவோடு பின்னோக்கிச் சென்றால் அது தமிழகக் கடற்கரைக்கும் வந்து சேர்கிறது.

குதிரை வாலும் பொற்காசும்

காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. வந்திறங்கிய குதிரைகளைத்தான் புலவர் கண்டார். வந்து சேராத குதிரைகளைப் பற்றி அறிய நாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அச்செய்தியைத் தருபவர்களும் கவிஞர்கள் அல்லர். அயல்நாட்டு வரலாற்றாசிரியரும் வணிகருமே.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், பாண்டியர் காலத்து மாபார் கரைக்கு நடந்த குதிரை வணிகத்தை விவரிக்கிறார். கீஸ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார். வழியில் இறக்கும் குதிரைகளுக்கும் அரசுக் கருவூலத்திலிருந்தே விலை தரப்பட வேண்டும் என்பதும் அவ்வொப்பந்தத்தின் கூறு. மார்க்கோ போலோவோ, கரை சேர்ந்த குதிரைகளும் பராமரிப்பு அறிந்தார் இன்மையால் ஓராண்டுக்குள் பெரும்பாலும் மடிந்தன என்று எழுதினார். குதிரை மருத்துவர் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் குறை கூறினார். இதில் மிகை இருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் புதுக் குதிரை வாங்கும் தேவை யாருக்கு ஆதாயம் என்பதை அவர் சரியாகவே கண்டார்.

விசயநகரக் காலத்தில் இது இன்னும் விந்தையான வடிவம் எடுத்தது. 16-ஆம் நூற்றாண்டில் விசயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ், நரசிம்மராயனைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த குதிரைகளை அம்மன்னன் உயிரோடிருந்தாலும் இறந்திருந்தாலும் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று என்னும் விலையில் வாங்கினானாம். கடலில் இறந்த குதிரைக்கு அதன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். உயிருள்ள குதிரைக்குரிய பணம் கிடைத்துவிடும்.

பயணத்தில் மாண்ட விலங்குக்கு நம் பக்கத்தில் நாம் அறிந்த முதல் ‘அறிக்கை’ இந்த வால்தான் எனலாம். மன்னன் ஏன் இறந்த குதிரைக்கும் பணம் தந்தான்? வணிகர்கள் பகைவரின் துறைமுகத்தை நாடிவிடக் கூடாது என்பதற்காக என்று கொள்வதே பொருத்தம். 14-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு மதுரைச் சுல்தான்களோடு பொருத போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் முதல், இவ்வூர் இராசகோபுரத் திருப்பணியைத் தொடங்கிய கிருஷ்ணதேவராயர் வரை, எல்லாருக்கும் குதிரை என்பது அரசின் உயிர்நிலை. அதனால் சாவு பதிவு பெற்றது, விலையும் பெற்றது. ஆனால் எந்தக் குதிரை எந்தக் கப்பலில் எதனால் இறந்தது என்று வால் சொல்லாது. இறப்பைக் குறைக்க வேண்டிய கட்டாயம் விற்பவனுக்கும் இல்லாமற்போயிற்று. இழப்பை ஈடு செய்யும் பதிவு வேறு, இழப்பைத் தடுக்கும் பதிவு வேறு என்பதை வரலாறு இங்கே தெளிவாகக் காட்டுகிறது.

டெல்லியிலிருந்து புறப்பட்ட குரங்குகள்

கப்பலின் இடத்தை விமானம் பிடித்தபின் இந்தியாவிலிருந்து பெருந்தொகையாகப் பறந்த விலங்கு குரங்கு. வட இந்தியாவின் செம்முகக் குரங்குகளின் சிறுநீரகத் திசுக்களில்தான் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசிக்குரிய நுண்ணுயிரி வளர்க்கப்பட்டது. சால்க் தடுப்பூசியின் வெற்றி 1955 ஏப்ரல் 12 அன்று அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் ஆண்டுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயின.

அந்த 1955-இன் தொடக்கத்தில், டெல்லியிலிருந்து நியூயார்க் செல்லும் வழியில் இலண்டன் விமான நிலையத்தில் இறக்கப்பட்ட குரங்குகளில் 394, காற்றோட்டம் போதாத வண்டி ஒன்றில் அடைபட்டு மூச்சுத் திணறி இறந்தன. அவை வானத்தில் இறக்கவில்லை. ஒரு விமானத்துக்கும் மறு விமானத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில், தரையில் இறந்தன. இன்றளவும் விமானப் பயணத்தில் விலங்குக்கு ஆபத்தான கட்டங்களில் ஒன்று இந்த இடைநேரமே. பறக்கும்போது சரக்கறையில் காற்றழுத்தம் காக்கப்படும். ஓடுதளத்து வெயிலிலோ மூடிய வண்டியிலோ காத்திருக்கும் கூண்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. இந்திய அரசு அவ்வாண்டு குரங்கு ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்தியது. பின்னர், மருத்துவ ஆய்வுக்கும் தடுப்பூசி உற்பத்திக்கும் மட்டுமே பயன்படுத்துவோம் என்னும் உறுதிமொழியின் பேரில் மீண்டும் இசைவளித்தது. கதிர்வீச்சுச் சோதனைகளுக்கு அவை உட்படுத்தப்பட்ட செய்தி வெளியானபின், மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரல் 1 முதல் ஏற்றுமதியை அறவே தடை செய்தது. அதே ஆண்டு, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், விலங்குகளைக் கொண்டு செல்வதற்கான விதிகளும் வந்தன. நாய், பூனை, ஆடு, மாடு, குதிரை ஆகியவற்றோடு குரங்குக்கும் அவ்விதிகளில் ஒரு தனிப் பிரிவு உண்டு. இறந்துபோன அந்த 394-இன் நிழல் அப்பிரிவில் விழுந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

பெயர் தெரிந்தால் பெயரும்

இனி அமெரிக்கச் சட்டத்துக்கு வருவோம். 2000 ஏப்ரலில் நிறைவேறிய விமானத்துறைச் சட்டத்தின் ஒரு பிரிவு, விலங்கின் இழப்பு, காயம், இறப்பு ஆகியவற்றை விமான நிறுவனங்கள் மாதந்தோறும் அறிவிக்க வேண்டும் என்றது. விதிகள் நடைமுறைக்கு வர 2005 ஆயிற்று. மாதம் முடிந்த 15 நாட்களுக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். அரசு அதைப் பயணிகள் பார்க்கும்படி வெளியிடும்.

அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று விதி பட்டியலிடுகிறது. விமான எண், நாள், நேரம், விலங்கின் விவரம், நடந்தது என்ன, காரணம் என்ன, மேற்கொண்ட திருத்த நடவடிக்கை என்ன, எழுதிக் கொடுப்பவர் யார் என அது நீள்கிறது. விலங்கின் விவரத்தோடு, பெயர் தெரிந்தால் பெயரையும் எழுத வேண்டும் என்று அவ்விதி கேட்கிறது. கோவிவனின் பெயரைக் கல்லில் வெட்டச் செய்தவர்களுக்கு இந்த ஒரு தொடர் எளிதில் விளங்கியிருக்கும்.

இப்பதிவால் பயன் விளைந்ததா? விளைந்தது. முதல் ஐந்தாண்டு அறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, இறந்த 122 நாய்களில் ஏறக்குறையப் பாதி, புல்டாக், பக் போன்ற சப்பை மூக்கு இனங்கள் என்று 2010-இல் அறிவித்தது. நாய்க்கு நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதே உடல் வெப்பம் தணிக்கும் வழி. மூச்சுப்பாதை குறுகிய இனங்களால் வெக்கையிலும் அச்சத்திலும் அதைச் செய்ய முடிவதில்லை. கால்நடை மருத்துவர்கள் முன்பே அறிந்ததுதான் இது. ஆனால் எண்ணிக்கை வெளிவந்தபின், இவ்வினங்களைச் சரக்கறையில் ஏற்றுவதற்கு மறுக்கும் நிறுவனங்கள் பெருகின. 2017-இல் அமெரிக்க நிறுவனங்கள் ஏற்றிச் சென்ற ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளில் 24 இறந்தன. அவற்றில் 18 யுனைடெட் நிறுவனத்தின் விமானங்களில். 2018 மார்ச்சில் அந்நிறுவனத்தின் விமானம் ஒன்றில், இருக்கைக்கு மேலுள்ள பெட்டி அறையில் வைக்கப்பட்ட பிரெஞ்சு புல்டாக் குட்டி இறந்ததும், அது சரக்கறையில் விலங்குகளை ஏற்றும் சேவையைச் சில மாதங்கள் நிறுத்தி மறு ஆய்வு செய்தது. ஒரு குட்டியின் சாவு எழுப்பிய சினத்துக்குப் பின்னால், முந்தைய ஆண்டின் எண்ணிக்கையும் நின்றது.

குறைகளும் உண்டு. அறிக்கையை எழுதுவது விமான நிறுவனமே. ‘இயற்கை மரணம்’, ‘முன்பே இருந்த நோய்’ என்னும் காரணங்கள் அறிக்கைகளில் அடிக்கடி தலைகாட்டுகின்றன. தொடக்கத்தில் மொத்தம் எத்தனை விலங்குகள் ஏற்றப்பட்டன என்று சொல்ல வேண்டியதில்லை. 2015 முதல்தான் அது கட்டாயமாயிற்று. ஆகப் பெரிய குறை, ‘விலங்கு’ என்பதற்கு விதி தரும் பொருளில் இருக்கிறது. வீட்டில் வளர்க்கப்படும் செல்லப் பிராணியும், 2015 முதல் வணிகத்துக்காக அனுப்பப்படும் நாயும் பூனையுமே அங்கே விலங்கு. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் குரங்கு அதில் வாராது. இலண்டனில் மாண்ட அந்த 394-ஐ ஒத்தவை இன்று ஓர் அமெரிக்க விமானத்தில் மாண்டாலும் அந்த மாத அறிக்கையில் அவற்றுக்கு ஒரு வரியும் இராது. உரியவர் உள்ள விலங்குக்கே சாவுக் கணக்கு என்னும் நூனிஸ் காலத்து நியாயம், வேறு உடையில் தொடர்கிறது.

நம் பக்கத்துக் கணக்கு

இந்தியாவில் உள்நாட்டு விமானப் போக்குவரத்தைப் பற்றி அரசு மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையில் தாமதம், ரத்து, பயணிகளின் முறையீடு ஆகியவற்றுக்கு இடம் உண்டு. விலங்கின் இறப்புக்கென ஒரு பத்தி இல்லை. 1978-ஆம் ஆண்டு விதிகள் மருத்துவச் சான்றும், அனுப்புபவர், பெறுபவர் முகவரியும் கேட்கின்றன. வழியில் இறந்தவற்றின் எண்ணிக்கையைப் பொதுவில் வைக்கும்படி கேட்கவில்லை. விமானத்தை விட்டுவிட்டாலும், கார்த்திகைத் தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையிலிருந்தும் குதிரைச் சந்தையிலிருந்தும் லாரிகளில் ஏறும் விலங்குகளின் பயணத்துக்கும் இது பொருந்தும்.

நமக்கு விலங்கின்மேல் பரிவு இல்லை என்பதன்று இதன் பொருள். பரிவைப் பதிவு செய்யவும் நாம் அறிவோம். இவ்வூர் ரமணாசிரமத்தில் லட்சுமி என்னும் பசுவுக்குச் சமாதி இருக்கிறது. 1926-இல் குடியாத்தம் பக்கத்திலிருந்து கன்றாக வந்த அது, 1948 ஜூன் 18 அன்று இறந்தது. அதன் சமாதிக்காக ரமணர் எழுதிய பாடல் ஆண்டு, மாதம், திதி, கிழமை, விண்மீன் அனைத்தையும் பிழையறக் குறிக்கிறது. வள்ளி என்னும் மானும், ஜாக்கி என்னும் நாயும், ஒரு காகமும் அதன் அருகே அடக்கமாகியுள்ளன. மலைமேல் வாழ்ந்த நாளில் ரமணர் பேணிய, சண்டையில் காயமுற்ற நொண்டிக் குரங்கின் கதையையும் அடியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 2018 மார்ச்சில், மேற்சொன்ன நாய்க்குட்டி இறந்த அதே மாதத்தில், அண்ணாமலையார் கோயில் யானை ருக்கு இறந்தபோது ஊரே திரண்டு அஞ்சலி செலுத்தியதையும் கண்டோம்.

ஆயினும் அஞ்சலி வேறு, அறிக்கை வேறு. அஞ்சலி இறந்த உயிரின் பெயரைக் காக்கிறது. எதனால் இறந்தது, இனி என்ன மாறும் என்று அது கேட்பதில்லை. அறிக்கை அவ்விரண்டையும் கேட்கிறது. ஆனால் விதி ‘விலங்கு’ என்று ஒப்புக்கொண்டவற்றுக்கு மட்டுமே கேட்கிறது. சமாதிப் பாடலில் உள்ள பெயரும் நாளும், மாத அறிக்கையில் உள்ள காரணமும் திருத்தமும் ஒரே ஏட்டில் சேர வேண்டும். உரியவர் இல்லாத விலங்குக்கும் அவ்வேட்டில் ஒரு வரி வேண்டும்.

அவ்வாறு ஓர் ஏடு தொடங்குவது பெருஞ்செலவுள்ள செயலன்று. ஏற்றியவை எத்தனை, இறக்கியவை எத்தனை, இடையில் குறைந்தவை ஏன் குறைந்தன என்னும் மூன்று வினாக்களை, விலங்கை ஏற்றும் ஒவ்வொருவரிடமும் தவறாமல் கேட்டு விடையைப் பொதுவில் வைத்தால் போதும். கல்லில் உளி கொண்டு எழுதிய காலத்திலேயே ஒரு நாய்க்கு அதன் பெயரையும் செயலையும் எழுத இடம் கண்டவர்கள் இந்த மண்ணின் மக்கள்.