பாண்டியன் வாங்கிய குதிரைகள் ஏன் செத்தன?

மாணிக்கவாசகர் கதை தெரியாதவர்கள் இருக்க முடியாது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை அவர் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவழித்துவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொண்டு வந்தார். இரவில் அவை மறுபடியும் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் கொன்றுவிட்டு ஓடிவிட்டன.

இது புராணம். ஆனால் பாண்டியர் கஜானாவின் பொன் குதிரையாக மாறி, அந்தக் குதிரையும் கொஞ்ச நாளில் இல்லாமல் போவது வரலாற்றிலும் உண்மையாகவே நடந்தது. அங்கே நரிகளுக்குப் பதில் நோய்கள்!

கடல் வழியே வந்த செலவு

தமிழகத்திற்குக் குதிரை கப்பலில் வருவது மிகப் பழைய வழக்கம். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியாக வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'குதிரைச் செட்டிகள்' வருகிறார்கள். ஆனால் வியாபாரம் உச்சத்துக்குப் போனது 13ஆம் நூற்றாண்டில், பிற்காலப் பாண்டியர் ஆட்சியில்தான்.

1290களில் இங்கே வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதியதைப் பாருங்கள். பாண்டிய நாட்டை ஐந்து சகோதரர்கள் ஆண்டார்கள். ஒவ்வொருவரும் வருடத்திற்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினார்கள். ஹோர்முஸ், கிஷ், ஏடன் போன்ற இடங்களிலிருந்து அவை வந்தன. வருடக் கடைசியில் மிஞ்சியவை நூறு கூட இல்லை என்கிறார் போலோ.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கொடுக்கும் கணக்கு இன்னும் துல்லியமானது. ஒரு குதிரைக்கு விலை 220 பொன் தினார். வருடத்திற்கு 10,000 குதிரைகள் வந்த காலத்தில் மொத்தத் தொகை 22 லட்சம் தினார். இந்தப் பணம் கோயில் வருமானத்திலிருந்தும், தேவரடியார்கள் மீது போட்ட வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டதாக அவர் எழுதுகிறார். அதாவது குதிரை செத்தால் நஷ்டம் அரசனுக்கு மட்டுமல்ல, மக்களுக்கும்தான்.

என்ன நோய் வந்தது?

குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்கள் என்கிறார் போலோ. வறுத்த தானியத்தில் வெண்ணெய் சேர்த்துக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலும் குடிக்க வைத்தார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். ராஜ உபசாரம்தான். ஆனால் குதிரைக்கு அது விஷம் மாதிரி.

குதிரையின் உடலுக்கு இரைப்பை சிறியது, பெருங்குடல் மிகப் பெரியது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்காக அமைந்த வயிறு அது. மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் செரிக்காத மிச்சம் பெருங்குடலில் புளித்து வாயுவும் அமிலமும் உண்டாகின்றன. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. கடுமையான வயிற்றுவலி வந்து தரையில் புரளும், குடல் முறுக்கிக்கொண்டால் மரணம்தான். இதற்குக் 'கோலிக்' என்று பெயர். இன்றும் குதிரைகளின் சாவுக்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்த நிலையில் தப்பிக்கும் குதிரைக்கும் ஆபத்து தீரவில்லை. அதே தீவனக் கோளாறு குளம்புக்குள் அழற்சியை உண்டாக்கும். 'லாமினைட்டிஸ்' எனப்படும் இந்த நோய் முற்றினால் குளம்பைத் தாங்கும் பிடிப்பு விட்டுப்போய் எலும்பே கீழே இறங்கிவிடும். நிற்க முடியாத குதிரையை வைத்துப் படை நடத்த முடியுமா?

வஸ்ஸாஃப் இன்னொன்றும் சொல்கிறார். கொழுக்க வேண்டும் என்பதற்காக வந்த குதிரைகளை நாற்பது நாள் லாயத்தில் கயிறும் முளையும் போட்டுக் கட்டி வைத்தார்களாம். பிறகு எந்தப் பயிற்சியும் இல்லாமல் முரட்டுத்தனமாக ஓட்டினார்களாம். நன்றாகத் தின்று சும்மா நின்ற குதிரையைத் திடீரென்று வேலை வாங்கினால் தசைகள் சிதைந்து, சிறுநீர் கறுத்து, அது நடக்க முடியாமல் நின்றுவிடும். ஞாயிறு ஓய்வு கொடுத்துவிட்டு மறுநாள் வண்டியில் பூட்டிய ஐரோப்பியர்கள் இதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இங்கே பிறந்த குட்டிகள் கால் கோணலாக இருந்தன என்றும் போலோ சொல்கிறார். தவிடு போன்ற தீவனத்தில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதையே தின்னும் குதிரைக்கு எலும்பு பலவீனமாகும் என்பது இன்று தெரிந்த விஷயம். அந்தக் குட்டிகளுக்கும் காரணம் அதுவாக இருந்திருக்கலாம்.

ஈக்கள் பரப்பும் 'சர்ரா' என்ற காய்ச்சலும் இந்தியாவில் குதிரைகளைக் கொன்றிருக்கிறது. அதற்குக் காரணமான ஒட்டுண்ணியை 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் இந்த நோய்க்குக் காரணம் என்ன என்று யாருக்கும் தெரியாது.

வைத்தியர் எங்கே?

குதிரை வைத்தியம் இந்தியாவுக்குப் புதிதல்ல. சாலிஹோத்திரர் பெயரிலும் நகுலன் பெயரிலும் வடமொழியில் அசுவ சாஸ்திர நூல்கள் உண்டு. தமிழகத்தில் கொள்ளும் விளைந்தது. எனவே அரிசி தவிர வேறு தானியமே இங்கு இல்லை என்ற போலோவின் வார்த்தையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பயணிகள் கொஞ்சம் மிகைப்படுத்துவது சகஜம்.

ஆனால் அவர் சொல்லும் ஒரு குற்றச்சாட்டு கவனிக்க வேண்டியது. குதிரை வியாபாரிகள் தங்களோடு வைத்தியர்களைக் கூட்டி வரவில்லை, வேறு யாரையும் வரவும் விடவில்லை. குதிரைகள் செத்தால்தானே அடுத்த வருடமும் விற்க முடியும்!

இதை நம்பலாமா? ஒப்பந்தத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. வழியில் கடலில் செத்த குதிரைக்கும் கஜானாவிலிருந்து பணம் கொடுக்கப்பட்டதாக வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரை அனுப்பியவர் கிஷ் தீவின் ஜமாலுதீன். பாண்டியரிடம் அமைச்சராக இருந்த தகியுதீன் அப்துர் ரஹ்மான் அவருடைய சகோதரர்! விற்பவரின் வீட்டு ஆளே வாங்குபவரின் ஆலோசகர் என்றால் விலையையும் தரத்தையும் கேள்வி கேட்பது யார்?

பாண்டியரோடு இது முடியவில்லை. விஜயநகரத்தின் சாளுவ நரசிம்மர் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று குதிரை என்று வாங்கினாராம். கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் கொண்டு வந்து காட்டினாலே முழு விலை கொடுத்தாராம். இதை எழுதிய போர்ச்சுக்கீசியர் நூனிஸே ஒரு குதிரை வியாபாரிதான்!

அரசர்களுக்கு வேறு வழி இல்லை என்பதும் உண்மை. பக்கத்து அரசனிடம் குதிரைப்படை இருக்கும்போது தான் மட்டும் வாங்காமல் இருக்க முடியாது. 'குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்' என்ற பழமொழி அவர்கள் நிலைமைக்குச் சரியாகப் பொருந்தும்.

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல்தான் வந்தது. ஆனால் பாண்டியர் காலத்துக் குதிரைகளைக் காப்பாற்ற கல்லூரி தேவைப்பட்டிருக்காது. புல், நடை, கொஞ்சம் பழக்கம், தெரிந்த ஒரு வைத்தியர் இருந்திருந்தால் பாதிக் குதிரைகளாவது பிழைத்திருக்கும். செத்தாலும் விலை உண்டு என்று ஆன பிறகு, விற்றவருக்கு அதைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. வாங்கியவருக்கு எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் வருடா வருடம் ஆயிரக்கணக்கான குதிரைகளும், கோயில் பணமும், ஏழைப் பெண்களின் வரிப்பணமும் வீணாகின.