எஃபா மேன்லி கேட்ட விலை

1947 ஏப்ரல் 15 அன்று, அதுவரை கறுப்பர்களுக்கு மூடியிருந்த பெரிய லீக்குகளில் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியதை அமெரிக்க பேஸ்பால் உலகம் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடுகிறது. அவரைத் தேர்ந்தெடுத்த டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கிக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு. தகுதியான பெருமைதான். ஆனால் ராபின்சன் முன்பு ஆடிய, கறுப்பர்களுக்கான நீக்ரோ லீக்குகளைச் சேர்ந்த கேன்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு டாலர்கூடத் தரவில்லை என்பது விழா மேடைகளில் அவ்வளவாகக் காதில் விழாது. இதை அன்றே உரக்கக் கேட்டவர், நியூவர்க் ஈகிள்ஸ் அணியைக் கணவர் ஏப் மேன்லியோடு சேர்ந்து நடத்திய எஃபா மேன்லி. நிறத்தடை உடைகிற நேரத்தில் காசுக் கணக்குப் பார்க்கிறாரே என்று அவரை ஏசியவர்கள் உண்டு. அவர் பார்த்த கணக்கும் சமத்துவக் கோரிக்கையில் அடங்கியதுதான் என்பது என் வாதம்.

1935-இல் புரூக்ளினில் தொடங்கிய அணி அடுத்த ஆண்டே நியூவர்க்குக்கு இடம்பெயர்ந்தது. முதல் போட்டது ஏப். எண் சூதாட்டத்தில் வந்த பணம். சம்பளம், ஒப்பந்தம், பயணம், விளம்பரம் என்று அன்றாட நிர்வாகம் முழுவதும் எஃபாவின் கையில். 1934-இல் ஹார்லெமில், கறுப்பர்களின் காசு வேண்டும், ஆனால் விற்பனையாளராகக் கறுப்பர் வேண்டாமா என்று பிளம்ஸ்டைன் கடைக்கு எதிராக நடந்த போராட்டத்தில் முன்நின்றவர் அவர். பேஸ்பாலிலும் அதே கேள்விதான் அவருக்கு எதிர்ப்பட்டது. ஈகிள்ஸ் ஆடிய ரப்பர்ட் மைதானம் நியூயார்க் யாங்கீஸுக்குச் சொந்தம். வாடகை அங்கே போனது. இருந்தும் அணியை அவர் மட்டமாக நடத்தவில்லை. வீரர்கள் பயணம் செய்த குளிர்சாதனப் பேருந்தின் விலை 15,000 டாலர். 1946-இல் மொனார்க்ஸை ஏழு ஆட்டத் தொடரில் வென்று ஈகிள்ஸ் நீக்ரோ உலகத் தொடரைக் கைப்பற்றியது.

அதே ஆண்டு ஈகிள்ஸின் பந்துவீச்சாளர் டான் நியூகோம் டாட்ஜர்ஸுக்குப் போனார். விலை, வழக்கம்போல், சுழியம். நீக்ரோ லீக்குகள் சூதாட்டக்காரர்களின் கூடாரம், அங்கே மதிக்கத்தக்க ஒப்பந்தமே கிடையாது என்பது ரிக்கியின் நியாயம். இதை முழுவதும் தள்ளிவிட முடியாது. பல அணிகளில் ஒப்பந்தங்கள் தளர்வானவை. ஆட்டக்காரர்கள் பருவத்தின் நடுவிலேயே வேறு இடம் தாவியதும் உண்டு. ஆனால் 1947 ஜூலையில் கிளீவ்லாந்து உரிமையாளர் பில் வீக், ஈகிள்ஸின் லேரி டோபிக்கு விலை பேசினார்: 10,000 டாலர், அணியில் நிலைத்தால் மேலும் 5,000. வெள்ளைக்கார வீரர் என்றால் இலட்சம் கொடுத்திருப்பீர்கள் என்று எஃபா சுட்டிக்காட்டினார். ஆனாலும் டோபியின் வழியை மறிக்கவில்லை. மொத்தத்தில் ஒரு பேருந்தின் விலைக்கு, பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்த ஒரு வீரர்! குறைந்த விலைதான். ஆனாலும் விலை என்று ஒன்று கொடுக்கப்பட்டது. வீக்குக்குக் கண்ணில் பட்ட ஒப்பந்தம் ரிக்கிக்குப் படாமல் போனதற்குக் காகிதத்தைக் குறைசொல்ல முடியாது.

இன்னொரு எதிர்வாதம் இதைவிட வலுவானது. 1946-இல் ஈகிள்ஸ் ஆட்டங்களைக் காண ஏறக்குறைய 1,20,000 பேர் வந்தார்கள். மறு ஆண்டு அது 57,000 அளவுக்குச் சரிந்தது. ரசிகர்கள் புரூக்ளினுக்கு ரயிலேறிவிட்டார்கள். சில ஆயிரம் டாலர் ஈட்டுத்தொகை அணியைக் காப்பாற்றியிருக்குமா? இருக்காது; 1948 பருவத்தோடு மேன்லிகள் அணியை விற்றார்கள், அது ஹூஸ்டனுக்குப் போனது. ஆனால் போட்டியில் தோற்றுக் கடையை மூடுவதும், சரக்கை இலவசமாக அள்ளக் கொடுத்துவிட்டு மூடுவதும் ஒன்றல்ல. பெரிய லீக்குகள் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டன. ஒரு கறுப்பின அணியையோ அதன் உரிமையாளரையோ உள்ளே அழைக்கவில்லை. ஒருங்கிணைப்பு ஆடுகளத்தோடு நின்றது, அலுவலக அறைக்குள் நுழையவில்லை.

ஈகிள்ஸ் வீரர் மான்டி இர்வின் விஷயத்தில் எஃபா விட்டுக்கொடுக்கவில்லை. ரிக்கி அவரையும் இலவசமாக எடுக்க முயன்றபோது வழக்கறிஞரை வைத்து எதிர்த்தார், ரிக்கி பின்வாங்கினார். 1949-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் 5,000 டாலர் கட்டி இர்வினை வாங்கியது. 2006-இல் ஹால் ஆஃப் ஃபேம் சேர்த்துக்கொண்ட முதல் பெண்மணி எஃபாதான். அப்போது அவர் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. இர்வின் பணத்தில் பங்கு பிரித்ததுபோகத் தன் கைக்கு வந்ததைக் கொண்டு அவர் ஒரு மிங்க் ரோம மேலாடை வாங்கிப் போட்டுக்கொண்டார்.